இஸ்திரி போட்ட மரணங்கள்

மிளகு வாயைத் திறக்க மாட்டேன் என்றாள்.

பாலில் நனைத்த ரொட்டித் துண்டு அவள் அப்பாவின் விரல்களில் ஊறி உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்று வயதுக் குழந்தை. எதற்கெடுத்தாலும் காரமாகப் பதில் சொல்கிறாள் என்று அவள் அம்மா வைத்த செல்லப்பெயர் அது. இப்போது அந்தக் காரம் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினான். கடைசியில் திறந்தாள். நாக்கின் மேலும் கன்னத்தின் உட்புறமும் வெள்ளையாகப் படிந்திருந்தது, திரிந்த பாலை அப்பி வைத்த மாதிரி. நேற்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தான். துடைத்த இடம் சிவந்து ரத்தம் கசிந்தது. இன்று வெள்ளை தொண்டை வரை இறங்கியிருந்தது.

இதே வெள்ளையை அவன் இன்னொரு வாயில் பார்த்திருக்கிறான். அந்த வாய் இப்போது இல்லை.

அக்கா தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து நின்றாள். அவன் மனைவி போன பிறகு குழந்தைக்காக இங்கேயே வந்து தங்கிவிட்டவள். பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பாள். வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே பேசுவாள், ஊசி கீழே விழாது.

"என்னடா, உள்ள புதையல் கிதையல் இருக்கா? இவ்வளவு நேரமா எட்டிப் பார்க்கிற."

"சூட்டுப் புண்ணுக்கா. தானா போயிடும்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னே. போன வருஷம் நான் தைச்ச கவுன் இப்ப தொளதொளன்னு இருக்கு. எந்த ஊர்லடா பிள்ளைங்க பின்னோக்கி வளருது?"

லீவு நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். லீவு நாட்கள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். குழாய் ரிப்பேர், தலைவலி, மழை. மழை இல்லாத அன்று வெயில்.

உண்மை என்னவென்றால் அவன் பயந்தான். ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தை எடுப்பார்கள். அப்புறம் அவன் பக்கம் திரும்பி, நீங்களும் கையை நீட்டுங்கள் என்பார்கள். கையை நீட்டினால் என்ன தெரியவரும் என்பது அவனுக்குத் தெரியும். தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன் சில வருஷம் அவன் வெளியூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தான். கையில் சம்பளம், கேட்க ஆளில்லை. நண்பர்கள் போன இடத்துக்கெல்லாம் இவனும் போனான். பிறகு ஊருக்கு வந்து, தன்னைவிட ஒன்பது வயது இளையவளைக் கட்டிக்கொண்டு, அந்த வருஷங்களைச் சுத்தமாகத் துடைத்துவிட்டதாக நினைத்தான். மிளகு வயிற்றில் இருந்தபோது, ஒரு ரத்தப் பரிசோதனைக்கு இருவரும் வாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். நாமெல்லாம் அந்த மாதிரி ஆட்களா என்று அவன் சிரித்தான். அவன் சிரித்ததால் மனைவியும் சிரித்தாள். இருவரும் போகவில்லை.

அவளுக்கு இருமல் வந்து, காய்ச்சல் வந்து, கடைசியில் நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்தேழு வயது. அவனுக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. நான்தான் நன்றாக இருக்கிறேனே, என்னிடமிருந்து எப்படிப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தினமும் தூங்கினான்.

*

அவன் வேலை பார்த்தது சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில். மாடியில் நீளமான ஓர் அறை, இரைச்சல் போடும் ஒரு மின்விசிறி, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கு எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் இங்கே வரும். அதை ஆண்டறிக்கைக்குப் படமாகப் போடுவது அவன் பொறுப்பு. படத்தில் கோணல் இருந்தால் பொறுக்க மாட்டான் என்பதால் ஆபீசில் அவனுக்கு ஸ்கேல் என்று பெயர். பிரிவுத் தலைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்று அவன் முன்னால் இருந்தது எய்ட்ஸ் மரணங்களின் பக்கம். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். கீழே கைக்குழந்தைகளில் தொடங்கி மேலே கிழவர்கள் வரை, வயதுக்கு ஒரு கட்டையாக அடுக்கியிருக்கும். எவ்வளவு பேர் இறந்தார்களோ அவ்வளவு நீளம். மற்ற நோய்களின் படங்கள் மேலேதான் கனக்கும், வயதானவர்கள்தானே அதிகம் சாவார்கள். இந்தப் படம் மட்டும் இடுப்பில் கனக்கும். சம்பாதிக்கிற வயது, பிள்ளை பெறுகிற வயது.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. அதற்கு இஸ்திரி போடுவது என்று பெயர். செத்தவரின் வயதைக் கேட்டால் வீட்டார் ஒரு குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். முப்பது இருக்கும், நாற்பது இருக்கும் என்பார்கள். அதனால் முப்பதும் நாற்பதும் அநியாயத்துக்கு நீண்டு நிற்கும். அப்படி நீண்டதைக் கொஞ்சம் வெட்டி, அக்கம்பக்கத்து வயதுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நாளாக நாளாக, எது துருத்திக்கொண்டு நின்றாலும் இஸ்திரி என்று ஆகிவிட்டது. படம் மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

போன வருஷம் வலது பக்கத்தில் ஒரு கட்டை துருத்தியது. இருபதுகளின் பிற்பாதியில் இருந்த பெண்கள். அதே வயது ஆண்களின் கட்டையைவிட அது நீளமாக இருந்தது. ஆண்களின் நீளமான கட்டைகளோ முப்பத்தைந்துக்கு மேல் இருந்தன. பிரிவுத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, இது ஆம்பளைங்க வியாதியப்பா, பெண்கள் முந்திக்கொண்டு போக மாட்டார்கள், எவனோ வயதைத் தப்பாக எழுதியிருக்கிறான் என்றார். அடிமட்டத்தில், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் இடத்தில், சின்னதாக ஒரு பல் போலவும் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் அவர் விடவில்லை.

ஸ்கேல் இஸ்திரி போட்டான். இளம்பெண்களின் கட்டையை வெட்டி, நாற்பது தாண்டிய பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். குழந்தைகளின் பல்லை, வயது தெரியாதவர்கள் என்ற கணக்கில் தள்ளினான். படம் வழவழவென்று வந்தது. தலைவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இந்த வருஷமும் அதே கட்டை. அதே பல். முன்னைவிட நீளம்.

மவுஸைப் பிடித்தபடி அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். காலையில் பார்த்த வெள்ளை கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். உட்காரச் சொன்னபோதும் நின்றபடியே, போன வருஷத்துக் கணக்கை இஸ்திரி போடாமல் காட்ட முடியுமா என்று தலைவரிடம் கேட்டார். ஆபீசுக்குள் மட்டும் புழங்கும் அந்தச் சொல் வெளியாள் வாயில் வந்ததும் தலைவர் அசடு வழிந்தார். படம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா டாக்டரம்மா என்று சிரித்து மழுப்பினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "போன வருஷம் எங்ககிட்ட டெஸ்ட் பண்ற கிட் பத்தலை சார். யாருக்கு முதல்ல பண்றதுன்னு உங்க படத்தை வச்சுத்தான் முடிவு பண்ணோம். முப்பத்தஞ்சைத் தாண்டின ஆம்பளைங்க, நாற்பதைத் தாண்டின பொம்பளைங்க. இருமிக்கிட்டு வந்த சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு சாதா மருந்தைக் கொடுத்து அனுப்பிட்டோம். அவங்க திரும்பி வந்தப்ப எங்களால ஒண்ணும் செய்ய முடியலை."



தலைவர் விடவில்லை. புருஷன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது பெண்டாட்டி மட்டும் எப்படி முதலில் போவாள், அது கணக்குக்கு ஒத்துவரவில்லையே என்றார். ஸ்கேல் இரவெல்லாம் கட்டிக்கொண்டு தூங்கிய அதே கேள்வி.

"யாருக்கு முதல்ல வந்துச்சுங்கிறது வேற, யார் முதல்ல சாகிறாங்கங்கிறது வேற. ஒருத்தன் இருபதுல எங்கேயோ வாங்கிட்டு வருவான். பத்து வருஷம் ஒரு காய்ச்சல்கூட இல்லாம நடமாடுவான். அதுக்குள்ள தன்னைவிடச் சின்னப் பொண்ணாப் பார்த்துக் கட்டிப்பான். எல்லா உடம்பும் அவ்வளவு நாள் தாங்காது, அவளுக்கு நாலஞ்சு வருஷத்துலயே முத்திடலாம். அதனாலதான் பொண்ணுங்க கட்டை கீழேயே நீளுது, ஆம்பளைங்க கட்டை மேல போய் நீளுது. ரெண்டும் வேற வேற இல்லை சார். ஒரே வீடு."

பிறகு குனிந்து, ஸ்கேலின் திரையில் அடிமட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த பல்லின் மேல் விரலை வைத்தார்.

"இதுவும் அதே வீடுதான்."

போன வருஷ அறிக்கை வெளிவந்த பிறகுதான் அவன் மனைவி இருமத் தொடங்கினாள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். யாரும் அவளைச் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டிய வயது அது இல்லை என்று படம் சொல்லியிருந்தது. படத்தை வரைந்தவன் அவளுக்குப் பக்கத்தில் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருந்தான்.

வலது பக்கத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் கண் தேடியது. இல்லை. நிமோனியா என்று எழுதிக் கொடுத்ததால் அவள் வேறு நோயின் பக்கத்துக்குப் போய்விட்டிருந்தாள். இஸ்திரி போடாத கட்டைகூட முழு நீளம் இல்லை. அவளைப் போல எத்தனை பேர் அதற்கு வெளியே நிற்கிறார்களோ.

"என்னப்பா ஸ்கேல், வளைஞ்சு போயிட்டே?" என்றார் தலைவர். அவன் நாற்காலியில் பாதியாகச் சுருங்கியிருந்தான். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

*

வீட்டில் மெஷின் ஓடவில்லை. அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல். மிளகு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், திரும்ப மூடிக்கொண்டாள்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான். அவள் எழுந்து தள்ளிப் போய்விடுவாள். குழந்தையின் தட்டைத் தனியாக வைப்பாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாலும் தடுக்க முடியாது. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்வார், தெருவே ஜன்னல் வழியாகப் பார்க்கும். அவ்வளவையும் மென்று விழுங்கிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னான். வெளியூர் வருஷங்களைச் சொன்னான். போகாத பரிசோதனையைச் சொன்னான். ஆபீசில் தான் வெட்டிய கட்டையைச் சொன்னான்.

அக்கா ஈரத்துணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள்.

அவன் திரும்பினான்.

"அவ படுத்திருந்தப்ப ராத்திரி டூட்டி நர்ஸ் என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டா. வீட்டுக்காரருக்கு ஏதாவது இருக்கான்னு. எங்க தம்பி அப்பேர்ப்பட்டவன் இல்லைன்னு அவகிட்ட சண்டைக்கே போயிட்டேன். மனசுக்குள்ள தெரியும். உன் மானம் போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்." அவள் குழந்தையின் நெற்றியைத் தடவினாள். "அந்தப் பொண்ணு கடைசியா என்னைப் பார்த்து, அண்ணி எனக்கு என்ன வியாதின்னு கேட்டா. நான் சளிதான்னு சொன்னேன்டா. சளின்னு."

அவனுக்கு அழத் தெரியவில்லை. மனைவி போன இந்த எட்டு மாதமாகவே தெரியவில்லை. குழந்தையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டான். அது சுட்டது.

நாளை காலையில் போகலாம் என்றான். அக்கா எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு என்ன நாளைக்கு? ஆட்டோவைக் கூப்பிடு."

*

ஆஸ்பத்திரியில் மருந்து வாடையும் ஈரமான தரையும். எதிரில் இருந்த பெஞ்சில் எல்லோரும் தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை, அவரவர் பயம் அவரவருக்கு. குழந்தையின் கையில் ஊசி ஏறியபோது அவள் அழக்கூடத் தெம்பில்லாமல் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்து அவனிடம் கையை நீட்டச் சொன்னார்கள். இத்தனை வருஷமாக ஒளித்து வைத்த கை. நீட்டினான்.

காத்திருந்த நேரத்தில் மிளகு அக்காவின் தோளில் தூங்கிவிட்டாள். அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று அவன் அடிக்கடி மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தான். நாலு முறை பார்த்த பிறகு அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

ஆபீசுக்கு வந்த அதே டாக்டர்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவனை அடையாளம் கண்டுகொண்டார். கண்டுகொண்டதாகக் காட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு, உங்கள் இரண்டு பேருக்குமே இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார்.

அக்கா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

பிறகு டாக்டர் சொன்னவற்றில் பாதிதான் அவன் காதில் விழுந்தது. மருந்து இருக்கிறது, இன்றே தொடங்கலாம். முதலில் வாய்ப்புண்ணையும் காய்ச்சலையும் சரிசெய்ய வேண்டும். வாழ்நாள் முழுக்க, ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் தூக்கிக் கொஞ்சுவதாலும் யாருக்கும் தொற்றாது. இதை அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா ஏற்கெனவே குழந்தையின் எச்சில் வாயைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிழைச்சுக்குவாளா?" அவன் கேட்ட ஒரே கேள்வி அது.

"மருந்தை ஒழுங்கா கொடுத்தா இவ வளர்ந்து, படிச்சு, உங்களோட சண்டை போடுவா. எங்ககிட்ட வர்ற பிள்ளைங்களை எங்களால காப்பாத்த முடியும். வராத பிள்ளைங்கதான் அந்தப் படத்துல இருக்காங்க."

அந்த வார்த்தை அவனை விடவில்லை. அடுத்த வாரம் ஆபீசுக்குப் போனதும் பக்கத்தைத் திறந்து, வந்த கணக்கை வந்தபடியே வைத்தான். இளம்பெண்களின் கட்டை துருத்தியது. அடியில் பல் நீட்டியது. கீழே, சளி என்றும் நிமோனியா என்றும் எழுதப்பட்டவர்கள் இதில் இல்லை என்று ஒரு வரி சேர்த்தான். தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தார். மேலிடத்தில் கேட்டால் என்னடா சொல்வது என்றார். நான் சொல்கிறேன் சார், என் வீடு அந்த வரியில் இருக்கிறது என்றான் அவன். தலைவர் கண்ணாடியை இறக்கினார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் அப்படியே அறிக்கைக்குப் போனது.

மாதாமாதம் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மிளகின் வாய் முதலில் ஆறியது. பிறகு பசித்தது. மருந்து கசக்கிறது என்று அக்காவை அடித்தாள், அக்கா அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள். ஆனாலும் பயம் அவனை விட்டு முழுதாகப் போகவில்லை. அவள் ஒரு முறை தும்மினால்கூட அவனுக்குத் தூக்கம் போய்விடும்.

அப்படி மருந்து வாங்க நின்ற ஒரு நாள், பக்கத்துப் பெஞ்சில் ஓர் இளம்பெண் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். கையில் கைக்குழந்தை. அருகில் அவள் கணவன், நல்ல வாட்டசாட்டமான ஆள். நர்ஸ் வந்து, டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார், உள்ளே வாருங்கள் என்றாள். கணவன் எழுந்திருக்கவில்லை. எனக்கு என்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன், இவளுக்குத்தான் இருமல் என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

முன்பின் தெரியாத மனிதன். நாலு பேர் கேட்கும் இடம். ஸ்கேல் மிளகை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய் அந்தக் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நானும் இப்படித்தான் சொன்னேன் தம்பி. எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. எனக்குத்தான் முதல்ல வந்துச்சு, என் பொண்டாட்டிதான் முதல்ல போனா. என் பொண்ணு அதோ, இப்ப மாத்திரையிலதான் அவ உசுரு ஓடுது."

கணவனின் சிரிப்பு நின்றது. அங்கிருந்து நகர்ந்துவிடலாமா என்று பார்த்தான். ஸ்கேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயமாத்தான் இருக்கும். எனக்கும் பயம். ஆனா பயந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான், செத்துப் போனது அவ. நம்ம பயத்துக்கு நம்ம வீட்டுப் பொம்பளையும் பிள்ளையும் உசுரைக் கொடுக்கக் கூடாது. எழுந்திரு, ரெண்டு பேரும் போய் ரத்தம் கொடுங்க. இன்னைக்கே."

அந்தப் பெண் இருமலுக்கு நடுவில் கணவனைப் பார்த்தாள். முதன்முறையாக அவள் சிரிக்கவில்லை. கணவன் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, எழுந்து நின்றான்.